ரப்பர் நெத்திலியில் கலப்படம்

மனித குலம் தன் ஐந்து புலன்களையும் இத்தனை நூற்றாண்டுகளாக யாருடைய அனுமதியும் இல்லாமல் பயன்படுத்தி வந்திருக்கிறது. கண்டதைப் பார்த்தார்கள், காதில் விழுந்ததைக் கேட்டார்கள், மூக்கு இருக்கிறதே என்று எதையும் மோந்தார்கள். இந்த ஒழுங்கீனத்துக்கு முதன்முதலில் முடிவு கட்டிய பெருமை கள்ளக்குறிச்சி பழைய பேட்டைத் தெருவைச் சேரும். ஊர்ப்பற்றால் இதைச் சொல்லவில்லை. ஐம்புலப் பாரம்பரிய இயக்ககத்தின் சுற்றறிக்கையே அப்படித்தான் சொல்கிறது.

பேட்டைத் தெரு பழைய தெரு. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் புளியும் கடுக்காயும் தேனும் சாமையும் அங்கேதான் வந்து விழும். வெல்ல மண்டி, புளிக் கிடங்கு, பாத்திரக் கடைகள், இவற்றுக்கு நடுவே கொளஞ்சியம்மாளின் கருவாட்டுக் கடை. கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விட்டாலும் எந்தக் கடை முன்னால் நிற்கிறோம் என்று மூக்கு சொல்லிவிடும். இவ்வளவு பெரிய செல்வத்தை நாங்கள் இலவசமாக அனுபவித்து வந்தோம் என்பதை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது.

இயக்ககம் எங்கள் ஊருக்கு ஜீப்பில் வந்தது. அதன் தனி அலுவலர் திரு. தீனதயாளன் முன்பு கோழித் தீவனப் பிரிவில் இருந்தவர். வாசனை விஷயத்தில் நடுநிலை தவறாதவர். நாள்பட்ட பீனிசத்தால் அவருக்கு எந்த வாசனையும் தெரியாது. வந்த வாரமே ஒரு குழு அமைத்தார். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று புலனுக்கு ஓர் உறுப்பினர். நகர வரலாற்று மன்றத்தின் செயலாளர் என்ற முறையில் அன்புச்செல்வனாகிய என்னை ஆறாம் அறிவாகச் சேர்த்துக்கொண்டார்கள். கூட்டங்களில் எனக்கு நாற்காலி உண்டு, தேநீர் உண்டு. ஆறாம் அறிவுக்கு வாக்குரிமை மட்டும் விதிகளில் இல்லை.

தெருவுக்குப் புலனூட்டும் பொறுப்பு சுபஸ்ரீ என்ற இளம் பெண்ணிடம் ஒப்படைக்கப்பட்டது. பெங்களூரில் படித்தவர். பதவியின் பெயர் 'அனுபவ வடிவமைப்பாளர்'. அவர் தெருவின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார். வெல்ல மூட்டையோடு வந்த பிச்சைமுத்து, மயக்கம் போடப்போகிறது என்று பயந்து ஓடிப்போய் சோடா வாங்கி வந்தான். பிச்சைமுத்து தெருவின் சுமைகளையெல்லாம் தன் மூன்று சக்கர வண்டியில் இழுப்பவன். சுபஸ்ரீ சோடாவைக் குடித்துவிட்டு அதையும் 'சுவை' என்ற தலைப்பில் சேர்த்துக்கொண்டார்.

பிறகு கொளஞ்சியம்மாளிடம் போனார். கருவாட்டு வாசனை அவருடைய மனத்தில் என்ன உணர்வை எழுப்புகிறது என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"பசிக்கும்" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"அதற்குப் பிறகு?"

"துன்னா அடங்கிடும்."

கொளஞ்சியம்மாளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கணவன் போன பிறகு தனியாகக் கடையை நடத்துகிறவள். மகள் எழில்மதியின் நர்சிங் படிப்பு விழுப்புரத்தில் நடக்கிறது என்று பெயரே தவிர, உண்மையில் அது இந்தக் கடையின் தகரக் கூரைக்குக் கீழேதான் நடந்துகொண்டிருந்தது. குரல் பெரியது. "நெத்திலேய்" என்று அவள் ஒரு தரம் கூவினால் அடுத்த தெருவில் அரைத்த மிளகாயை யாரோ குழம்புக்கு ஒதுக்கி வைப்பார்கள்.

சுபஸ்ரீயின் அறிக்கை வந்தது. பேட்டைத் தெருவின் வாசனை 'ஆவணப்படுத்தத் தக்கது, அனுபவிக்கத் தக்கதல்ல' என்று அதில் கண்டிருந்தது. குழு ஒருமனதாக ஏற்றது. பணிகள் தொடங்கின.

முதலில் ஒலி. வெல்ல மண்டியில் ஏலம் கூவுவதை நுட்பமான கருவிகளால் பதிவு செய்து, கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி வைத்து அதே மண்டியின் வாசலில் ஒலிபரப்பினோம். ஒரு சிக்கல் எழுந்தது. மண்டியின் இரைச்சலில் மண்டியின் இரைச்சல் கேட்கவில்லை. ஆகவே மண்டியை அப்புறப்படுத்த முடிவாயிற்று.

அடுத்தது தொடுபுலன். வழவழவென்று இருந்த சிமெண்ட் சாலையைப் பெயர்த்துக் கரடுமுரடான கற்களைப் பதித்தார்கள். நடப்பவர் பாதத்துக்கு வரலாறு உறுத்த வேண்டும் என்பது நோக்கம். பிச்சைமுத்துவின் வண்டிக்கு முதல் நாளே உறுத்தி, அச்சு முறிந்தது. ரோடு நல்லாத்தானே இருந்தது என்று அவன் தனி அலுவலரிடம் கேட்டிருக்கிறான். நல்ல சாலை என்பது வரலாற்றுப் பிழை என்று அவர் விளக்கியிருக்கிறார்.

மூக்குக்கான ஏற்பாடுதான் திட்டத்தின் மணிமுடி. கல்வராயன் மலையின் காற்றையே தெருவுக்குக் கொண்டுவருவது என்று தீர்மானித்தோம். சுபஸ்ரீயும் தனி அலுவலரும் வெள்ளிமலை வரைக்கும் போய் வந்தார்கள். வளைவுகளில் தனி அலுவலருக்கு வயிற்றைப் புரட்டியதால் கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டுக்கொண்டே போனார்களாம். அப்படியும் மலைக்காற்றை மிகச் சரியாகக் கணித்து ஒரு வாசனைத் தைலம் செய்வித்தார்கள். சுவருக்குச் சுவர் நறுமணப் பரப்பிகள் மாட்டப்பட்டன. ஜனங்கள் அவற்றைச் 'சென்ட் மிஷின்' என்றார்கள். ஓடவிட்ட அன்று, யார் வீட்டில் பினாயில் கொட்டிவிட்டது என்று தெருவே கேட்டது. பாரம்பரியத்தை அடையாளம் காணப் பயிற்சி வேண்டும் என்பது அன்று எனக்குப் புரிந்தது.

இயற்கையான வாசனையும் வடிவமைக்கப்பட்ட வாசனையும் ஒரே தெருவில் இருக்க முடியாது. எனவே கடைகளுக்கெல்லாம் பைபாஸ் ஓரத்தில் ஒரு வெற்றுத் திடல் ஒதுக்கப்பட்டது. 'தற்காலிகமாக' என்றார்கள். புளிக் கிடங்கு போயிற்று. மண்டி போயிற்று. பாத்திரக் கடைகள் போயின. கொளஞ்சியம்மாள் மட்டும் நகரவில்லை. நான் நேரில் போய் எடுத்துச் சொன்னேன். பைபாஸில் காற்றோட்டம் நன்றாக இருக்கும் என்றுகூடச் சொன்னேன்.

"நான் எந்திரிச்சேன்னா இந்த எடம் என்னுது இல்லைங்க" என்றாள். "எங்க வூட்டுக்காரர் செத்த அன்னிக்கு மட்டுந்தான் இந்தக் கடைய மூடினேன். எம் பொண்ணு படிப்பு முடியட்டும். அப்புறம் நீங்க எங்க போகச் சொன்னாலும் போறேன்."

தனி அலுவலர் கல்நெஞ்சர் அல்ல. அவர் யோசித்து ஒரு வழி கண்டார். கொளஞ்சியம்மாள் அதே கடையில் அதே பலகையில் உட்காரலாம். கருவாடு விற்கக் கூடாது. கருவாடு விற்பவளாக உட்கார வேண்டும். பதவியின் பெயர் 'வாழும் பாரம்பரியம்'. இடத்தை விட்டு எழ வேண்டாம் என்ற ஒன்றே அவளுக்குப் போதுமாக இருந்தது. சம்மதித்தாள்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு கண்டாங்கிச் சேலை வரவழைத்து உடுத்தினார்கள். கடையில் வைக்க, ஒரு பொம்மைத் தொழிற்சாலையில் ரப்பர் கருவாடு செய்யச் சொன்னார்கள். சுறாவும் வாளையும் நெத்திலியும் அச்சு அசலாக இருந்தன. டயர் நாற்றம் மட்டும் கொஞ்சம் இருந்ததால் 'தொடலாம், முகரக் கூடாது' என்று பலகை வைத்தோம். தெருப் பூனைகள் ஒரு தரம் வந்து பார்த்துவிட்டு, குடும்பத்தோடு பைபாஸுக்குக் குடிபெயர்ந்தன.

குரல்தான் பிரச்சினையாயிற்று. கொளஞ்சியம்மாளின் குரல் நிர்ணயிக்கப்பட்ட அளவை மீறியது. சென்னையில் சீரியல்களுக்குப் பின்னணி பேசும் ஒரு பெண்மணியை வைத்து "நெத்திலி, நெத்திலி" என்று இனிமையாகப் பதிவு செய்து, கூடைக்குள் ஒலிபெருக்கியை வைத்தார்கள். கொளஞ்சியம்மாள் வாயை மட்டும் அசைக்க வேண்டும். பெரிய குரல் உள்ளவர்களுக்கு அது சுலபமல்ல. பயிற்சியின்போது தொண்டை நரம்பு புடைக்க, சத்தத்தை உள்ளுக்குள்ளேயே அடக்கிப் பழகினாள். பதவியின் கண்ணியம் அவளிடம் கூடிவருவதை நான் கவனித்தேன்.

இதற்குப் பிறகு நடந்ததைப் 'பேட்டைத் தெரு அதிசயம்' என்றே எங்கள் அறிக்கைகள் குறிப்பிடுகின்றன. உள்ளூர் மக்கள் பாரம்பரியத்தைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். ஒரு தரம் வந்தவர்களே மறுபடியும் வந்தார்கள். அதிலும் பெண்கள், அதிலும் கொளஞ்சியம்மாளின் கடைக்கு. நைனார்பாளையத்திலிருந்தும் எலவனாசூர்கோட்டையிலிருந்தும் பஸ் ஏறி வந்து, அவள் வாயசைப்பதைப் பார்த்துவிட்டு நிறைந்த மனத்தோடும் நிறைந்த பையோடும் திரும்பினார்கள். தனி அலுவலர் இதற்கு 'மீள்வருகை' என்று பெயரிட்டார். வரலாற்றில் துளியும் நாட்டமில்லாத என் மனைவி நிர்மலாகூட வாரம் தவறாமல் ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு போய் வந்தாள். அன்றைக்கெல்லாம் வீட்டில் நெத்திலிக் குழம்பு. ஊரில்தான் கருவாட்டுக் கடை இல்லையே, எங்கே வாங்கினாய் என்று கேட்டேன்.

"பாரம்பரியத்துல" என்றாள்.

ஆறாம் அறிவுக்கு அப்போதும் விளங்கவில்லை.

திட்டத்தை முறைப்படி தொடங்கி வைக்கத் தலைநகரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். வெயில் கொளுத்திய நாள். கற்களின் மேல் கம்பளம் விரித்து, வரலாறு அவர் காலை உறுத்தாமல் அழைத்துவந்தோம். அவர் கொளஞ்சியம்மாளின் கடை முன்னால் வந்து நின்ற நேரம் மின்சாரம் போயிற்று.

மண்டியின் ஏலக்குரல் நின்றது. மலைக்காற்று நின்றது. கூடைக்குள் இருந்த சென்னைக் குரல் "நெத்" என்று நின்றது. கொளஞ்சியம்மாளின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் தனி அலுவலரைப் பார்த்தாள். அவர் எதையாவது செய் என்பதுபோலக் கையை ஆட்டினார். அவள் மூச்சை இழுத்து, மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்ததை வெளியே விட்டாள்.

"நெத்திலேய்…"

அதே நேரத்தில், பினாயில் விலகிய காற்றில், கடையின் அடியிலிருந்து ஒரு வாசனை மெல்ல எழுந்து தெருவெல்லாம் பரவியது. பெரிய மனிதர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். அவருக்கு நாக்கில் எச்சில் ஊறியதைக் கழுத்தின் அசைவிலேயே கண்டோம். வடிவமைப்பின் உச்சம் இதுதான் என்றார். கருவாட்டு மணத்தை இவ்வளவு தத்ரூபமாக உலகில் யாரும் செயற்கையாகச் செய்ததில்லை என்றார். மின்வெட்டைத் திட்டத்தில் சேர்த்த நுட்பத்தைத் தனியே பாராட்டினார். நினைவுப் பரிசாக ஒரு பொட்டலம் கேட்டார். கொளஞ்சியம்மாள் கைப்பழக்கத்தில் பலகைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

சுபஸ்ரீயின் முகம் வெளுத்தது. கருவாட்டு மணம் அவருடைய வடிவமைப்பில் இல்லை.

மறுநாள் விசாரணை. தனி அலுவலரின் அறையில் மேசைமேல் ரப்பர் நெத்திலி ஒரு தட்டிலும் மற்றது ஒரு தட்டிலும் வைக்கப்பட்டிருந்தன. நாங்கள் ஆறு அறிவும் வரிசையாக அமர்ந்திருந்தோம். குற்றச்சாட்டை நானே படித்தேன்: அங்கீகரிக்கப்பட்ட போலிக் கருவாட்டோடு அசல் கருவாட்டைச் சேர்த்துக் கலப்படம் செய்தது.

"கலக்கலைங்க" என்றாள் கொளஞ்சியம்மாள். "ரப்பரு மேல இருந்துது. கருவாடு கீழ இருந்துது."

"பார்வையாளர்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறார்கள்" என்றார் தனி அலுவலர்.

"யாரும் திருப்பிக்கினு வரலையே சார்."

மீள்வருகை குறித்த எங்கள் அறிக்கைகளின் நிலை என்னாவது என்று ஓர் உறுப்பினர் கவலைப்பட்டார். அறிக்கைகள் அப்படியே இருக்கலாம், வருகைதான் தவறு என்று தனி அலுவலர் தெளிவுபடுத்தினார். எது அசல் என்று நிபுணர் சான்று தேவைப்பட்டது. அவரால் முகர்ந்து சொல்ல முடியாது. சுபஸ்ரீயிடம் தட்டை நகர்த்தினார்கள்.

சுபஸ்ரீ ஒரு நெத்திலியை எடுத்தார். முகர்ந்தார். பிறகு, எந்த விதியிலும் இல்லாதபடி, அதன் வாலைக் கிள்ளி வாயில் போட்டார்.

"நல்லாக் காஞ்ச நெத்திலி" என்றார். "இன்னா ஒண்ணு, உப்பு கொஞ்சம் ஜாஸ்தி."

இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர் வாயில் அப்படி ஒரு பேச்சை நாங்கள் கேட்டதில்லை. கொளஞ்சியம்மாள் அவரை முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நீ எந்தூரும்மா?"

"நைனார்பாளையம்" என்றார் சுபஸ்ரீ, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அதான பாத்தேன். உப்பு கம்மி பண்ணா புழு வச்சிரும் கண்ணு."

நிபுணர் சான்று குற்றத்தை உறுதி செய்துவிட்டது. வாழும் பாரம்பரியத்தை அன்று மாலையே பணிநீக்கம் செய்தோம். கண்டாங்கியை மடித்துக் கொடுத்தாள். தன் பலகையை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அது அவள் கணவன் காலத்துப் பலகை. ஆனால் அதற்கு நாங்கள் ஏற்கெனவே 'அரும்பொருள்' என்று எண் அடித்திருந்தோம். விதி விதிதான். புது அச்சு போட்ட வண்டியில் பிச்சைமுத்து அவளையும் இரண்டு சாக்குகளையும் ஏற்றினான். கற்களின் மேல் வண்டி குதித்துக் குதித்துப் போயிற்று. அவள் அழவில்லை. வாய் மட்டும் அசைந்தது, குரல் வரவில்லை. பயிற்சி அவ்வளவு நன்றாக ஊறியிருந்தது.

அவளுடைய இடத்தில் ஒரு பொம்மையை உட்கார வைத்தோம். நெத்திலிக்கான மீள்வருகை நின்றது. மற்ற வருகையும் நின்றது. ஆளில்லாத தெருவில் ஏலம் கூவிக்கொண்டிருந்தது, யாரும் கேட்காததால் ஒலித்தரம் மிகத் துல்லியமாக இருந்தது. அதே சமயம் பைபாஸ் திடலில் கூட்டம் நெரிவதாகச் செய்தி வந்தது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு இறக்கிவிட்டுத் திரும்பும் டிராக்டர்கள்கூட அங்கே நின்று போகின்றனவாம். வெல்லமும் புளியும் கருவாடும் சேர்ந்து பாலம் வரைக்கும் மணக்கிறதாம்.

தனி அலுவலர் பரவசமானார். பேட்டைத் தெருவில் தேடிய பண்பாட்டு மதிப்பு அங்கே தானாகவே முளைத்திருப்பதால், இரண்டாம் கட்டப் பணியைப் பைபாஸில் தொடங்குவது என்று முடிவெடுத்தார். ஆய்வுக்கு நாளும் குறித்தார். இதைக் காலை உணவின்போது நிர்மலாவிடம் பெருமையோடு சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, செல்போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

ஜீப்பில் போய் இறங்கினோம். திடலில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சத்தமில்லை. ஏலம் கூவுகிறவர் கைகட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டைகள் மேலெல்லாம் நனைத்த சாக்குகள். பாத்திரக் கடைக்காரர்கள் பாத்திரங்களைத் துணியால் போர்த்தி அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். கொளஞ்சியம்மாள் ஈரச் சாக்கால் மூடிய கூடைக்குப் பின்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாள்.

இங்கே என்ன நடக்கிறது என்று தனி அலுவலர் கேட்டார்.

"ஒண்ணும் நடக்கலைங்க சார்" என்றாள் அவள். "பஸ்ஸுக்குக் குந்திக்கினு இருக்கோம்."

"எந்த பஸ்?"

"வர்ற பஸ்ஸுங்க."

இவ்வளவு பேருமா என்று கேட்டதற்கு, கூட்டம் மொத்தமும் தலையசைத்தது. தனி அலுவலருக்குக் குழப்பமாயிற்று. மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். பயனில்லை. சுபஸ்ரீயை அனுப்பினார்.

சுபஸ்ரீ வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து கொளஞ்சியம்மாளின் கூடைக்கு எதிரே நின்றார். கூடையைச் சுற்றிப் பூனைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. சாக்கின் ஓரத்தில் ஒரு நெத்திலி வெளியே தெரிந்தது. கொளஞ்சியம்மாள் அதை மறைக்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுபஸ்ரீ காலால் சாக்கின் நுனியை மெல்லத் தள்ளி நெத்திலியை மூடினார். பிறகு திரும்பி, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார்:

"இந்த இடத்தில் பண்பாட்டு மதிப்பு எதுவும் இல்லை சார்."

ஜீப் கிளம்பியது. எனக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லி நான் நின்றுவிட்டேன். ஜீப்பின் புழுதி அடங்குவதற்குள் சாக்குகள் விலகின. ஏலம் எழுந்தது. வெல்லத்தின் மணமும் புளியின் மணமும் முகத்தில் வந்து மோதின. கொளஞ்சியம்மாள் எழுந்து நின்று, பேட்டைத் தெருவுக்கே கேட்டிருக்கும்படிக் கூவினாள். என் கண்கள் கலங்கின. பகைவரிடமிருந்து தம் பண்பாட்டைக் காத்த மக்களைப் பற்றி மன்றத்தில் எத்தனையோ முறை உரையாற்றியிருக்கிறேன். நேரில் பார்த்தது அன்றுதான். இவர்கள் நம் மக்கள் என்ற பெருமிதத்தோடு, நிர்மலா கொடுத்தனுப்பிய ஒயர் கூடையை விரித்துக்கொண்டு கொளஞ்சியம்மாளிடம் போய், அரைக் கிலோ நெத்திலி கேட்டேன்.

அவள் கூவுவதை நிறுத்தினாள். ஈரச் சாக்கை எடுத்துக் கூடையின் மேல் நிதானமாகப் போட்டு மூடினாள்.

"இங்க ஒண்ணும் இல்லைங்க" என்றாள். "பஸ்ஸுக்குக் குந்திக்கினு இருக்கோம்."